அடைக்கோழிக்குக் கீழே ஒரு ஸ்ராட்டர்

சோளகக் காற்று எழும்பிவிட்டால் மாதகல் கடற்கரையில் ஆண்குரல் குறைந்துவிடும். வலையையும் வள்ளத்தையும் கொண்டு ஆண்கள் கிழக்குக் கரைக்கு வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கப் போய்விடுவார்கள். பிறகு சில மாதங்களுக்கு ஊர் பெண்களுடையது, கோழிகளுடையது, காற்றுடையது. நாள் முழுக்க ஒரே தாளத்தில் காற்று வீசும். பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எதையோ ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிற்கும். ஒழுங்கை மணல் காலையில் கிடந்த இடத்தில் மாலையில் கிடக்காது.

அப்படியொரு ஆவணிப் பின்னேரம் தங்கமுத்து கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கார்க் கொட்டிலுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. விர்ர்ர் என்று, சீமெந்துத் தரையில் விட்ட பம்பரம் மாதிரி மெல்லிய, பாரமில்லாத சத்தம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அது பிழையான சத்தம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த ஒஸ்ரின் கார் எழும்புகிற சத்தத்தை எத்தனையோ வருடமாக விடியற்காலையில் பாயில் கிடந்தபடி கேட்டவள் அவள். மேட்டில் வண்டியை இழுக்கிற மாடு மூச்சுவிடுவதுபோல முக்கி முக்கித்தான் அது எழும்பும். இதில் முக்கல் இல்லை.

மறுபடியும் விர்ர்ர். மறுபடியும்.

"இஞ்சருங்கோ! ஏன் உதை உப்பிடி இழுக்கிறியள்? குமிழ் கையோடை வரப்போகுது."

"நீ உன்ரை மீனைப் பார். இது எடுக்கத்தான் வேணும்" என்று உள்ளேயிருந்து அவள் கணவர் தியாகலிங்கம் கத்தினார்.

ஊரில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் அவருடையது. குடலிறக்கத்துக்கு ஒப்பிரேசன் செய்து அண்மையில்தான் வீட்டுக்கு வந்திருந்தார். இருந்து கார் ஓடலாம், ஆனால் பாரம் தூக்கக்கூடாது, ஹான்டில் போட்டு எஞ்சினைச் சுற்றவே கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காருக்குள் ஏறினார். ஏறியதற்குக் காரணமும் இருந்தது.

காரணம் அடுப்படி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றது. மகள் குணலட்சுமி. முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவிச்சி பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். மானிப்பாய் ஆஸ்பத்திரி டொக்டர் அம்மாவும் அதையே சொன்னா. வெள்ளிக்கிழமை வந்து படுக்கட்டும், அதற்குள் வலி கண்டால் ஒரு நிமிடமும் பிந்தாமல் காரில் கொண்டுவாருங்கள், தண்ணீர்க்குடம் உடைந்த பிறகு வந்தால் என்னால் பொறுப்புச் சொல்ல ஏலாது என்றா. சொல்லும்போது அவ சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகம் அன்றிலிருந்து தங்கமுத்துவின் கூடவே நடந்து திரிந்தது.

வேறு காருக்கும் வழியில்லை. நல்லூர்த் தேர்க்காலம். பண்டத்தரிப்புச் சந்தியில் நிற்கிற கார்களெல்லாம் சனம் ஏற்றப் போய்விட்டன. இந்தக் காரைத் தள்ளி எழுப்பலாமென்றால் ஒழுங்கை முழுக்கக் கணுக்கால் புதைகிற மணல். ஹான்டில் சுற்ற ஊரில் ஆண்களும் இல்லை.

கொட்டிலுக்குள் பம்பரச் சத்தம் உச்சத்துக்குப் போய், திடீரென்று சரளைக்கல் கொட்டினாற்போல் கரகரத்து நின்றது. பிறகு, எஞ்சினை எழுப்புகிற குமிழை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. டக். டக்.

தங்கமுத்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். தியாகலிங்கம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"செத்துப்போச்சு."

"ஆர்?"

"ஸ்ராட்டரடி!"

"அப்ப இறங்குங்கோ. எது செத்தது, எப்பிடிச் செத்ததெண்டு பாப்பம்."

"ஆர் பாக்கிறது? நான் குனிஞ்சால் தையல் பிரியும்."

"நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. அதுக்குத் தையல் போடேல்லைத்தானே. நான் செய்யிறன்."

அந்தக் கார் வந்த நாளிலிருந்து அதன் மூடியைக்கூட அவளைத் திறக்க விட்டதில்லை அவர். இப்போது அவளைப் பார்த்தார், வாசலில் நிற்கிற மகளைப் பார்த்தார், மெல்ல இறங்கிச் சாய்மனைக் கதிரையைக் கொட்டில் வாசலுக்கு இழுக்கச் சொன்னார்.

"முதல் லைற்றைப் போடு. போட்டிட்டுக் குமிழை இழு. கிடுகிலை விழுகிற வெளிச்சத்தைப் பார், மங்குதோ?"

கிடுகுச் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. பழைய கிடுகின் ஓட்டைகள் வழியே வந்த பின்னேர வெயிலும் அங்கே புள்ளி புள்ளியாகக் கிடந்தது. தங்கமுத்து இழுத்தாள். வட்டங்கள் அசையவே இல்லை.

"மங்கேல்லை."

"வடிவாப் பாத்தனியோ?"

"கண் எனக்கு ஒப்பிரேசன் செய்யேல்லை. மங்கேல்லை."

தியாகலிங்கத்துக்கு முகம் தெளிந்தது. கார் செத்த துக்கத்திலும் அதை விளங்கப்படுத்துகிற சந்தோசம் அவருக்கு வந்துவிட்டது. "கேள். ஸ்ராட்டர் பெரிய தீனிக்காரன். அவன் தின்னத் தொடங்கினால் லைற்றுக்குச் சாப்பாடு குறையும், மங்கும். மங்கியும் எஞ்சின் அசையாட்டில் அவன் எங்கையோ இறுகிப்போனான். மங்கவே இல்லையெண்டால் சாப்பாடு அவனட்டைப் போய்ச்சேரேல்லை. ஒண்டு வழியிலை வயர் கழண்டிருக்கும், இல்லாட்டி அவனுக்குள்ளையே அறுந்திருக்கும்."

வழியை முதலில் பார்த்தார்கள். பற்றறியிலிருந்து போகிற தடித்த வயரின் இரண்டு நுனியையும் கழற்றி அரத்தாளால் உரசி, செம்பு மினுங்க மறுபடி பூட்டினாள். காரின் உடம்போடு பூட்டியிருந்த மற்ற வயரையும் அப்படியே செய்தாள். இழுத்தாள். வட்டங்கள் அசையவில்லை.

"அப்ப அவன்தான்" என்றார் தியாகலிங்கம். "பற்றறி வயரைக் கழட்டிவிட்டிட்டு, மேல் போல்ற்றை மேலாலை கழட்டிப்போட்டுக் கீழை போ. இரண்டு போல்ற்றிலைதான் தொங்குறான்."

சாக்கை விரித்துக் காருக்குக் கீழே படுத்தாள். மணலின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. காற்று காருக்குக் கீழாகவும் ஊர்ந்து போயிற்று. வெளியிலிருந்து கணவனின் குரல் தூரத்துக் கரையிலிருந்து வருவதுபோல் வந்தது. "எஞ்சினுக்குப் பின்னாலை சட்டிமூடி மாதிரிப் பெரிய பல்லுச்சக்கரம் ஒண்டு உள்ளுக்கை கிடக்கு. ஸ்ராட்டரின்ரை அச்சிலை திருகுப்புரி. அந்தப் புரியிலை ஒரு சின்னப் பல்லுச்சில்லு தளர்வாக் கிடக்கும். மோட்டர் வெடுக்கெண்டு சுத்தினால் சின்னவன் கூடச் சுத்தமாட்டான், சோம்பேறி, பிந்துவான். பிந்திறபடியாத்தான் புரியிலை வழுக்கி முன்னாலை ஓடிப்போய்ப் பெரியவனைக் கடிப்பான். எஞ்சின் எழும்பினவுடனை பெரியவன் உதைச்சுத் திருப்பி அனுப்பிவிடுவான்."

"நண்டு வளைக்குள்ளாலை ஓடிவந்து கடிச்சிட்டுத் திரும்பி ஓடுறமாதிரி."

வெளியே கதிரை கிறீச்சிட்டது.

"ஓம்" என்றார் பிறகு. "அப்பிடித்தான். இவ்வளவு காலம் எனக்கு உது தோணேல்லை."

கீழ்ப் போல்ற்றும் கழன்று ஸ்ராட்டர் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. உரல் உலக்கை தூக்கிய கைகளுக்கும் பாரமாகத்தான் இருந்தது. கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு வெளியே வந்து கணவனின் காலடியில் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் மூக்கை மட்டும் நீட்டினார்.

"உது என்ன மணம்?"

தங்கமுத்துவுக்கும் மணந்தது. தகப்பனின் வள்ளத்தின் மணம்.

"சுறா எண்ணெய்" என்றாள். "நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை கார் சும்மா நிண்டது. இந்த உப்புக்காத்துக்கு இரும்பை விட்டு வைக்கலாமோ? எங்கடை ஐயா வள்ளத்தைக் கரையிலை ஏத்தினால் ஆணி, வளையம், நங்கூரம் எல்லாத்துக்கும் சுறா எண்ணெய் பூசாமல் சோறு தின்னமாட்டார். கீழை படுத்துக் காகச் செட்டை இறகாலை அந்தப் புரி முழுக்க வடிவாத் தடவிவிட்டனான்."

"புரியிலையோ?"

"ஓம். வடிவா."

தியாகலிங்கம் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஐயோ, சிரிக்கப் பண்ணாதை, தையல் போகப்போகுது! எடி, உலகத்திலை எண்ணெய் விடக்கூடாத ஒரேயொரு இரும்பு உந்தப் புரிதான். எண்ணெய் விட்டால் மண்ணும் தூசும் பிடிச்சுப் பிசினாப் போகும். சின்னவன் ஒட்டிப்போவான். பிறகு பிந்தமாட்டான், அச்சோடை சேந்து சுத்துவான், பெரியவனட்டைப் போகமாட்டான்."

தங்கமுத்து சிரிக்கவில்லை. மகள் நின்ற பக்கம் பார்க்காமல் சின்னச் சில்லை விரலால் தள்ளினாள். அது பிசினில் இறுகியிருந்தது. "அப்ப மண்ணெண்ணெய்யாலை கழுவினால் சரிதானே?"

"அது நான் இழுக்காமல் விட்டிருந்தால். எடுத்துக் குலுக்கிப் பார்."

குலுக்கினாள். உள்ளே கலகலத்தது. தகட்டுப் பட்டியைக் கழற்றி உள்ளே பார்த்தபோது செப்புக் கம்பிகள் தம் இடத்தைவிட்டுக் குருவிக்கூடுபோல் பிய்ந்து கிடந்தன.

"இந்த மோட்டருக்குப் பாரம் வேணும்" என்றார் அவர், இப்போது சிரிப்பில்லாமல். "பாரம் இல்லாமல் ஓடவிட்டால் வேகம் கூடிக் கூடித் தன்ரை கம்பியைத் தானே பிய்ச்சு எறியும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவத்திலை இழுத்தன். நீ எண்ணெய் பூசினது பாதிப் பிழை. மிச்சப் பாதி என்ரை."

வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசாங்கம் கதவடைத்த காலம் அது. இந்தப் பழைய ஒஸ்ரினுக்கு ஸ்ராட்டர் தேடிக் கொழும்புக்குப் போனவர்கள் மாதக்கணக்கில் கடை கடையாக அலைந்தார்கள். தியாகலிங்கத்தின் கண் வேலிக்கு அப்பால் போய், வெட்கப்பட்டதுபோல் திரும்பி வந்தது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சீவரத்தினத்தின் வளவு. அங்கேயும் ஒரு ஒஸ்ரின் இருந்தது, இதன் உடன்பிறப்பு. எஞ்சின் வெடித்துப்போய் நாள்கணக்காக நின்றபோது, கோயில் வீதியில் நாலுபேருக்கு முன்னால் தியாகலிங்கம் "உது இனிக் கோழிக்கூட்டுக்குத்தான் சரி" என்று பகிடி விட்டார். சீவரத்தினம் வீட்டுக்குப் போனார், பற்றறியைக் கழற்றி விற்றார், கதவுகளைத் திறந்து கோழிகளைத் துரத்தி உள்ளே விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை.

"நீங்கள் அங்கை பாக்காதையுங்கோ. நான் போறன்" என்றாள் தங்கமுத்து.

வேலிப்பொட்டுக்குள்ளால் நுழைந்து போகவில்லை. ஒழுங்கையால் சுற்றிப் படலையைத் திறந்துகொண்டு போனாள். சீவரத்தினமும் வாடிக்குப் போயிருந்தார். அவர் மனைவி இரத்தினம்மா பலாமரத்தடியில் இருந்து மீனைப் பிளந்து உப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆர் உது? காத்து அடிச்சுக் கொண்டந்து போட்டிட்டுதோ?"

"இரத்தினமக்கா, உங்கடை காரின்ரை ஸ்ராட்டர் வேணும்."

"காரோ? எங்களட்டைக் கார் இல்லை. கோழிக்கூடு ஒண்டுதான் கிடக்கு. உன்ரை புருசன்தானே பேர் வைச்சவர்."

"அந்த மனுசனுக்கு வயித்திலை தைச்ச ஊசியாலை வாயையும் சேத்துத் தைக்கச் சொல்லியிருக்கவேணும். மறந்துபோனன்."

இரத்தினம்மா சிரிப்பை மறைக்க மீனைப் பார்த்தாள். "ஏன் இப்ப அவசரம்? தேர் பாக்கப் போறியளோ?"

"குணத்துக்கு. பிள்ளை குறுக்கை கிடக்கு. எந்த நேரமும் மானிப்பாய்க்குக் கொண்டோட வேணும். எங்கடை கார் எடுக்குதில்லை."

கத்தி கீழே விழுந்தது. "விசரி! உதை முதல் சொல்லக்கூடாதோ? என்னை உப்பிடிக் கதைக்க விட்டிட்டு நிக்கிறாய்." எழுந்து உப்புக்கையைத் தட்டிக்கொண்டு நடந்தவள், காரடிக்கு வந்ததும் நின்றாள். "எடு. ஆனால் ஒண்டு. கோழி எழும்பக்கூடாது."

எஞ்சின் மூடியை அரைவாசி தூக்கிக் காட்டினாள். பற்றறி இருந்த பெட்டிக்குள் வைக்கோல் நிரப்பி, சிவப்புப் பேடு ஒன்று உடம்பைப் பரப்பி அடைகிடந்தது. ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்தது.

"இரண்டு தரம் அடை குழம்பினது. பாம்பு, பிறகு இடி. இந்தமுறை நாள் கிட்டுது. இப்ப எழும்பினால் திரும்ப அடை இராது."

"எழும்பாது அக்கா."

தங்கமுத்து அந்தக் காருக்குக் கீழேயும் படுத்தாள். அங்கே எச்சமும் இறகும் காய்ந்த மண்ணும். கீழ்ப் போல்ற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டு, அது ஊறும்வரை சும்மா கிடந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினின் இடுக்குகளால் பொன்னிறத் தூசு விழுந்தது. இரும்பைத் தட்டினால் கோழி குழம்பும் என்று ஸ்பானரைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். கீழ்ப் போல்ற் வந்தது.

மேல் போல்ற்றுக்குக் கை எட்ட வேண்டுமானால் மேலாலேதான் விட வேண்டும். எழுந்து வந்து குனிந்தாள். பெட்டியின் அடித்தகடு உக்கிப்போய் வைக்கோல் கீழே தொங்கியது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில்தான் போல்ற்றின் தலை. இரத்தினம்மா உள்ளங்கையைக் கோழியின் கண்ணுக்கு மேலே நிழலாகப் பிடித்து, "பா... பா... ஒண்டுமில்லை அம்மா, ஒண்டுமில்லை" என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டு நின்றாள்.

தங்கமுத்து கையை உள்ளே விட்டாள். கை கோழியின் அடிவயிற்றுக்குக் கீழாகப் போயிற்று. அவ்வளவு சூட்டை அவள் எதிர்பார்க்கவில்லை. கோழி ஒரு கொத்துக் கொத்தியது, மணிக்கட்டில் இரத்தம் வந்தது, அவள் கையை எடுக்கவில்லை. இரண்டாவது கொத்து மெல்லியதாக விழுந்தது. பிறகு கோழி அந்தக் கையையும் ஒரு முட்டையாக எடுத்துக்கொண்டதுபோல் அதன்மேல் அமர்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்துப் போல்ற்றைக் கண்டுபிடித்துத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் அது அவள் விரல்களுக்குக் கேட்டது. காதுக்கல்ல, விரல்களுக்கு. ஓட்டுக்குள் இருந்து ஏதோ தட்டியது. ஒருதரம். பிறகு பக்கத்து முட்டையில்.

"அக்கா" என்றாள் மெதுவாக.

"என்னடி, வருகுதில்லையோ?"

"வருகுது. உள்ளுக்கை கதைக்கினம்."

இரண்டு பெண்களும் அப்படியே குனிந்து நின்றார்கள். கடலில் வெளிச்சம் குறைந்தது. மற்றக் கையால் தாங்கி இறக்கிய ஸ்ராட்டர் மணலைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. கோழி எழும்பவில்லை.

அன்றிரவு குப்பி விளக்கடியில் அதன் புரியை மண்ணெண்ணெய்யால் கழுவித் துடைத்துக் காயவிட்டாள். விரலால் சுண்டினால் சின்னச் சில்லு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. கழுவி முடித்ததும் அவள் கை பழக்கத்தில் சுறா எண்ணெய்ப் போத்தலைத் தேடியது. தியாகலிங்கம் கதிரையில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒளிச்சு வைச்சிட்டன்."

விடியப்புறம் வெளிச்சம் வருமுன்பே காருக்குக் கீழே போய்விட்டாள். பூட்டுவது கழற்றுவதைவிடக் கடினம். நெஞ்சால் பாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துளைக்குத் துளை பொருத்த வேண்டும். மேல் போல்ற் பூட்டியாயிற்று, ஸ்ராட்டரின் வயர் பூட்டியாயிற்று. கீழ்ப் போல்ற்றில் நட்டுப் பிடித்தபோது காருக்குப் பக்கத்தில் மகளின் கால்கள் வந்து நின்றன. பாதங்கள் வீங்கியிருந்தன.

"அம்மா. வந்திட்டுது போலை கிடக்கு."

"எது மோனை?"

"வயித்து நோ."

சிரிக்காத அந்த முகம் இருட்டில் வந்து நின்றது. தங்கமுத்து ஸ்பானரை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு நட்டுக் கிடக்கு. பொறு பிள்ளை. காருக்குள்ளை ஏறிப் படு."

இரத்தினம்மா கூப்பிடாமலே தலையணையோடு வேலிப்பொட்டால் ஓடிவந்து குணலட்சுமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தியாகலிங்கம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பற்றறி வயரைத் தங்கமுத்து பூட்டினாள். அவர் குமிழைப் பிடித்தார், ஆனால் இழுக்கவில்லை.

"இழுங்கோ."

"பொறு."

"நான் தொட்டுப் பாத்துப் பூட்டினனான். இழுங்கோ."

இழுத்தார். முக்கியது. மேட்டில் மாடு மூச்சுவிட்டது, ஒருதரம், இன்னொருதரம். பிறகு எஞ்சின் பிடித்து, கொட்டில் முழுக்கப் புகையும் சத்தமும் நிறைந்தன. தங்கமுத்து ஓடிவந்து முன்கதவால் ஏறினாள். உடம்பு முழுக்க மண்ணும் கிறீஸும்.

பண்டத்தரிப்பு கடந்து சண்டிலிப்பாய்ப் பக்கம் வரும்போது விடிந்தது. தோட்டங்களில் சாம்பல் வெளிச்சம் படுத்திருந்தது. கிணற்றுத் துலாக்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து எழும்பிக்கொண்டிருந்தன. தியாகலிங்கம் பள்ளம் பள்ளமாகப் பார்த்து, பாற்குடம் ஏற்றிய வண்டிபோல் ஓட்டினார். பின்னுக்கு மகள் முனகும்போதெல்லாம் இரத்தினம்மா கோழிக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்: "ஒண்டுமில்லை அம்மா, ஒண்டுமில்லை." தங்கமுத்து எஞ்சினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் எது எங்கே ஓடுகிறது, எது எதைக் கடிக்கிறது, எது இப்போது ஒதுங்கிச் சும்மா இருக்கிறது என்பது தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடம் உடையேல்லை. வேளைக்கு வந்திட்டியள்" என்றா. உடனே சத்திரசிகிச்சை அறைக் கதவு மூடியது. தங்கமுத்து வெளியே மர வாங்கில் அமர்ந்திருந்தாள். இரத்தினம்மா அவள் மணிக்கட்டுக் காயத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெயில் வாங்கின் காலிலிருந்து அவர்களின் காலுக்கு ஏறியது. மடிக்கு ஏறியது. கதவு திறந்து, தாதி துணிப்பொட்டலம் ஒன்றைக் காட்டினாள். பெண் பிள்ளை. தாய்க்கும் சுகம்.

தங்கமுத்து வெளியே வந்தாள். வேப்பமர நிழலில் கார் நின்றது. நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. தியாகலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காலையில் எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். காரின் முகத்தடியில் வாளித் தண்ணீர். அவ்வளவு நேரமும் எஞ்சினை நிற்பாட்டாமல், சூடேறாமல் தண்ணீர் விட்டு விட்டுக் காத்திருக்கிறார்.

"பெட்டை" என்றாள். "குணமும் சுகம்."

அவர் வாய் கோணியது. கண்ணைப் புறங்கையால் துடைத்தார்.

"ஏனப்பா இன்னும் ஓட விட்டிருக்கிறியள்? பெற்றோல் முடியப்போகுது."

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாலெண்டு..."

"சொல்லேல்லை. நிப்பாட்டுங்கோ."

"திரும்ப எடுக்காட்டி?"

"எடுக்கும்."

அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. தங்கமுத்து ஜன்னலால் கறுத்த கையை உள்ளே நீட்டிச் சாவித் திறப்பைத் திருப்பினாள். கார் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்து நின்றது.

அதுவரை எங்கே இருந்தனவோ, சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. வேம்பில் காகம், தெருவில் சைக்கிள் மணி, மேல் ஜன்னலில் ஒரு குழந்தையின் அழுகை. தியாகலிங்கம் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"அது எங்கடையோ?"

"தெரியாது" என்றாள் தங்கமுத்து, சூடான மூடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. "சத்தம் சரியாத்தான் இருக்கு."